ரோட்டில் நெல் காய்ந்தால் குற்றம், கார் நின்றால்?

சம்பா அறுப்பு வந்துவிட்டால் ஒரு போட்டோ தவறாமல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டிக் காய வைத்திருப்பார்கள். ஓரத்தில் வண்டி ஏறாமல் இருக்க நாலு கல், ரெண்டு முள்ளுக் கொம்பு. கீழே நம்ம படித்த பிள்ளைகளின் கமெண்ட் வரிசை கட்டி நிற்கும். "ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" "கேஸ் போட்டு உள்ள தள்ளணும்." "இவங்களுக்கெல்லாம் மானியம் ஒரு கேடு."

ராத்திரி நேரத்தில் டூவீலரில் வருகிறவன் அந்த நெல்லில் சறுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் நெல் காய வைப்பதற்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுத வரவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி. அதே பொது ரோட்டில், விழுப்புரம் காமராஜர் வீதியிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ, ஒரு கார் காலை பத்து மணிக்கு வந்து நின்று ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் நகர்கிறது. அதை யாராவது போட்டோ எடுத்துப் போட்டீர்களா? அதற்கு யாராவது "அப்பன் வீட்டுச் சொத்தா" என்று கேட்டீர்களா?

சட்டத்துக்கு இந்த ரெண்டும் ஒண்ணுதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவு, தன் வசம் இருக்கும் பொருளால் பொது வழியில் போகிறவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பொருள் என்றுதான் இருக்கிறது. நெல் மூட்டை என்றும் இல்லை, கார் என்றும் இல்லை. போதாததற்கு, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 122-வது பிரிவு வேறு இருக்கிறது. ஆபத்தாகவோ மற்றவர்களுக்கு இடைஞ்சலாகவோ பொது இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அது தனியாகவே சொல்கிறது. சட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது நெல் மட்டும்தான்.

ஏன் ரோட்டில் காய வைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சின்னது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வழக்கமாக எடுக்க மாட்டார்கள். ஊரில் களம் இல்லை, இருக்கிற களமும் பத்தாது. பனி விழுகிற மாசத்தில் நெல் காய ரெண்டு நாள் ஆகும். "இடம் இல்ல, அதனால ரோட்டுல போட்டேன்" என்பான் விவசாயி. டவுனில் காரை நிறுத்துகிறவரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். "இடம் இல்ல சார், அதனால ரோட்டுல போட்டேன்." ஒரே பதில். ஒருத்தருக்கு அது அராஜகம், இன்னொருத்தருக்கு அது பார்க்கிங் பிரச்சினை. நெல்லாவது ரெண்டு நாளில் எடுத்துக்கொண்டு போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டவுனில் வண்டி நிறுத்துவது பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் டவுன்காரர்கள். அதனால் அது எப்போதும் காரைப் பற்றியதாகவே இருக்கிறது. கிராமத்திலிருந்து வருகிறவன் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை.

விழுப்புரம் எப்படிப்பட்ட ஊர் என்று ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, பாண்டிச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். 1993-ல் தென்னார்க்காட்டைப் பிரித்து மாவட்டத் தலைநகரம் ஆக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பதிவு ஆபீஸ், பேங்க், தங்க நகைக் கடை, ஜவுளிக் கடை, ஸ்கேன் சென்டர் எல்லாம் வந்து சேர்ந்தது. ஆனால் எம்.ஜி. ரோடும் பாகர்ஷா வீதியும் மாட்டு வண்டி காலத்து அகலத்திலேயே நிற்கிறது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத திண்டிவனமும் அப்படித்தான். சென்னை, திருச்சி, பாண்டி, செஞ்சி, மரக்காணம், வந்தவாசி என்று எல்லா ரோடும் வந்து முட்டுகிற ஊர். கல்யாணத்துக்குத் துணி எடுக்கிறவன், உரம் வாங்குகிறவன், தாலுக்கா ஆபீஸ் போகிறவன் எல்லாரும் கடைசியில் அந்த நேரு வீதிக்குள்தான் நுழைந்தாக வேண்டும்.

இந்த ரெண்டு ஊர் கடைத்தெருவையும் வாழ வைப்பது யார்? சுத்துப்பட்டுக் கிராமங்கள். மல்லாட்டை, உளுந்து, எள்ளு, நெல், கரும்பு, தர்பூசணி என்று நாங்கள் விளைத்து வாங்குகிற காசுதான் அங்கே பட்டுப் புடவையாகவும் பாத்திரமாகவும் மாறுகிறது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வெளியிட்ட டி.எம்.வி. ரக மல்லாட்டையை நாட்டில் பல மாநிலத்தில் விதைத்திருக்கிறார்கள். அந்த டி.எம்.வி. என்கிற மூன்றெழுத்தே திண்டிவனத்தைக் குறிப்பதுதான். மல்லாட்டைக்கு ஊர் பேர் வைத்த ஊரில், மல்லாட்டை மூட்டையோடு வருகிற குட்டியானை நிற்க இடம் கிடையாது.

அறுப்புக் காலத்தில் கமிட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று போர்டு இருக்கும், நாங்கள் கமிட்டி என்போம். முந்தின நாள் ராத்திரியே டிராக்டரும் குட்டியானையும் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கும். உள்ளே இடம் பத்தாது. மூட்டை மேலேயே படுத்துத் தூங்குவார்கள். காலையில் அந்த வழியே காரில் போகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டே திட்டிவிட்டுப் போவார். போய், தன் காரைக் கடை வாசலில் சும்மா நிறுத்துவார்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன். கிராமத்துக்காரன் டவுனுக்குப் போவது பொழுது போக்க அல்ல. ஒரு நாள் கூலி போகும், அதனால் பத்து வேலையை ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பான். பேங்கில் நகைக் கடன் வட்டி ஒரு தெருவில், உரக்கடை வேறு தெருவில், சிட்டாவும் அடங்கலும் இன்னொரு பக்கம், காயில் கட்டக் கொடுத்த மோட்டார் ஊர் கடைசியில். "ஸ்டாண்டுல வண்டிய போட்டுட்டு நடந்து போலாமே" என்று சொல்வது சுலபம். மோனோபிளாக் மோட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டையை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது? கடை வாசலில் ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தினால் கடைக்காரர் விரட்டுவார். வாசலை அடைத்துக்கொண்டு அவருடைய வண்டி நிற்க வேண்டும் அல்லவா? தெருவோரம் தள்ளி நிறுத்தினால் போலீஸ் போட்டோ எடுக்கும். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்னால் பொது அபராதம் நூறு ரூபாய் வரைதான். இப்போது முதல் தடவைக்கே 500 ரூபாய் வரை போகலாம், மறுபடி மாட்டினால் 1,500 வரை. களை எடுக்கிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலியைவிட அந்த ஐந்நூறு அதிகம்.

ஸ்டாண்டு கதையைக் கேளுங்கள். ஊர் பேர் வேண்டாம், எந்த ஸ்டாண்டு என்றும் வேண்டாம். போன மாசம் காலை ஆறு மணிக்கு வண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் வந்து எடுத்தபோது ஸ்டாண்டுப் பையன் கையை நீட்டினான்.

"ணா, முப்பது ரூபா குடுங்கணா."

"போர்டுல பத்துன்னு இருக்கே தம்பி?"

"அது பழைய போர்டுணா. ஹெல்மெட்டுக்கு வேற காசு."

"ஹெல்மெட்டு என் கையிலதான இருக்கு?"

"அண்ணா, ஏலத்துல எடுத்தவரு சொல்றதத்தான் நான் வாங்குறேன். எங்கிட்ட சண்ட போட்டா எப்புடிணா?"

அந்தப் பையன் சொன்னது நியாயம்தான். அவன் சம்பளத்துக்கு நிற்கிறவன். ஏலம் என்கிற ஏற்பாடுதான் பிரச்சினை. வருஷத்துக்கு இவ்வளவு என்று குத்தகைக்கு விட்டுவிட்டால் நிர்வாகத்தின் வேலை அதோடு முடிந்தது. எடுத்தவர் போட்ட காசை எடுக்கத்தான் பார்ப்பார். சீட்டில் தொகை அச்சடித்திருக்காது, பேனாவால் ஒரு நம்பர் மட்டும் கிறுக்கியிருக்கும். கூரை இருக்காது. பெட்ரோல் திருடு போனால் "வண்டிகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்கிற போர்டு மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருக்கும். பொறுப்பில்லை என்றால் எதற்குக் காசு?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருகிறேன். ஒரு கார் நிற்கப் பொதுவாக ஒதுக்குகிற இடம் ரெண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். பன்னிரண்டரை சதுர மீட்டர். டூவீலர் ஒன்றுக்கு ரெண்டு சதுர மீட்டர் வைத்தாலும் அந்த ஒரு கார் இடத்தில் ஆறு டூவீலர் நிற்கும். எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை கீரைக் கட்டோடு போகிற ஆயா, ஒரு உரச் சாக்கை விரித்து உட்காருவார். அது சதுர மீட்டர் ஒன்றுகூட வராது. அந்தச் சாக்கு அகலத்துக்கு தினமும் சுங்கம் என்று ஒருத்தர் வந்து வாங்கிக்கொண்டு போவார். பத்து ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதே ரேட்டில் அந்தக் கார் தினமும் நூற்று இருபத்தைந்து ரூபாய் கட்ட வேண்டும். அது எவ்வளவு கட்டுகிறது? ஒண்ணும் கிடையாது. பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு என்று கீரை விற்கிற கிழவி தரைக்கு வாடகை தருகிறாள். பத்து லட்ச ரூபாய் கார் சும்மா நிற்கிறது.

அப்புறம் ஒரு நாள் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று ஜே.சி.பி. வரும். யாரை அகற்றும்? கீரைக்காரி, பூக்காரி, தள்ளுவண்டிப் பழக்காரர். போக்குவரத்துக்கு இடையூறாம். தெருவியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காப்பாற்ற 2014-ல் பார்லிமெண்டில் சட்டமே போட்டிருக்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், சான்று தர வேண்டும், நோட்டீஸ் கொடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. காரை நிறுத்த உரிமை உண்டு என்று எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் தள்ளுவண்டி போன இடத்தில் மறுநாள் என்ன நிற்கும் தெரியுமா? கார்தான் நிற்கும்.

"பார்க்கிங்குக்குக் காசு வைத்தால் ஜனம் கடைக்கு வராது, வியாபாரம் படுத்துவிடும்" என்று வியாபாரிகள் பக்கம் ஒரு வாதம் உண்டு. கொஞ்சம் நின்று பாருங்கள். காலை ஒன்பதரைக்குள் கடை வாசல் எல்லாம் நிறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளர் வந்தார்? முதலாளி வண்டி, மேனேஜர் வண்டி, வேலை செய்கிறவர்கள் வண்டி, பக்கத்து பேங்க் ஆட்களின் வண்டி. பதினொரு மணிக்குச் சாமான் வாங்க வருகிறவனுக்குத்தான் இடம் இல்லை. சும்மா கிடைக்கிற இடத்தை முதலில் வருகிறவன் நாள் முழுக்கப் பிடித்துக்கொள்வான். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற அதே கதை.

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பதில்லை. உலகத்திலேயே முதல் பார்க்கிங் மீட்டரை 1935 ஜூலையில் அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டியில் வைத்தார்கள். எதற்கு? ஆபீஸ்காரர்கள் காலையிலேயே வந்து தெருவை அடைத்துவிடுகிறார்கள், கடைக்கு வருகிறவர்களுக்கு இடம் இல்லை என்று வியாபாரிகளே புலம்பியதால்தான். கார்ல் மகீ என்கிற பத்திரிகைக்காரர் அந்த யோசனையைக் கொண்டு வந்தார். மணிக்கு ஐந்து சென்ட். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே வியாபாரிகளுக்குப் புரிந்தது இங்கே இன்னும் புரியவில்லை. டொனால்டு ஷூப் என்கிற பேராசிரியர் இதையே ஆராய்ந்து 2005-ல் பெரிய புத்தகம் எழுதினார். சும்மா கிடைக்கிற பார்க்கிங் என்று உலகத்தில் எதுவும் கிடையாது, நிறுத்துகிறவன் கொடுக்காத காசை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். எந்தத் தெருவிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கிற அளவுக்கு ரேட் வை, வருகிற காசை அந்தத் தெருவுக்கே செலவு செய் என்றார். நம்ம தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே 2006-ல் பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்டுகிறதாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதியது எழுதினபடி இருக்கிறது.

ஜப்பானில் 1962-லிருந்து ஒரு சட்டம். கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தனக்கு இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நம்ம ஊரில் பசு மாட்டுக் கடன் வாங்கப் போனால் கொட்டகை இருக்கிறதா என்று பேங்கில் கேட்பார்கள். கார் கடனுக்கு அந்தக் கேள்வி கிடையாது. கொட்டகை ரோடுதான்.

"அப்போ பெரிசா அடுக்குமாடி பார்க்கிங் கட்டிட்டா போச்சு" என்பது அடுத்த யோசனை. சென்னையில் தி.நகர் தணிகாசலம் சாலையில் மாநகராட்சி கட்டியிருக்கிறது. கட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் சும்மா நிறுத்த இடம் இருக்கிறவரை எவன் காசு கொடுத்து மாடி ஏறுவான்? அதே தி.நகரில் பாண்டி பஜாரை 2019-ல் நடந்து போகிறவர்களுக்காக அகலமான நடைபாதை போட்டு மாற்றினார்கள். பாண்டி பஜார் அழிந்துவிடவில்லை. தீபாவளிக்கு இன்னும் கால் வைக்க இடம் இல்லாமல்தான் கூட்டம் இருக்கிறது. கடைக்குள் வந்து காசு கொடுப்பது மனுஷன். கார் எதையும் வாங்குவதில்லை.

அடுக்குமாடி கட்டுவதற்கு முன்னால், கட்டி வைத்திருக்கிறதைத் திறக்கச் சொல்லுங்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வணிகக் கட்டடம் கட்டுகிறவர் வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். அதற்கு முன்னாலும் இது போல விதி இருந்தது. பிளானில் எல்லாரும் காட்டுகிறார்கள். கீழ்த்தளம் பார்க்கிங் என்று கோடு போட்டு, கையெழுத்து வாங்கி, கட்டி முடித்த மறு மாசம் அங்கே ஷட்டர் போட்டு குடோன் ஆக்கிவிடுவார்கள். அல்லது "அண்டர்கிரவுண்டில் ஸ்பெஷல் ஆஃபர்" என்று துணியைத் தொங்க விடுவார்கள். வாடிக்கையாளரின் வண்டி ரோட்டில். தன் இடத்தைக் காசாக்கிவிட்டு பொது இடத்தை வாங்கிக்கொள்கிறார்கள். தெலங்கானாவில் 2018-ல் அரசாணை போட்டார்கள். மால்களில் முதல் அரை மணி நேரம் யாருக்கும் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் ஒரு மணி வரை பில் காட்டினால் கிடையாது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் பாட்டன் பூட்டனுக்கு இந்தத் தொல்லை இல்லை. டவுனில் வண்டிப்பேட்டை இருந்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் வண்டிப்பேட்டை என்கிற பேர் இன்றைக்கும் தெருப் பேராகவோ பஸ் ஸ்டாப் பேராகவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டை அவிழ்த்துக் கட்டலாம், தண்ணித் தொட்டி இருக்கும், மர நிழலில் துண்டை விரித்துப் படுக்கலாம். திண்டிவனம் என்கிற பேரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். நிழலுக்கா பஞ்சம்? வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே பொது வண்டிப்பேட்டை அமைக்கவும் அதற்குக் கட்டணம் வாங்கவும் நகராட்சிக்கு இடம் கொடுத்திருந்தது. கிராமத்திலிருந்து வண்டி வந்தால்தான் சந்தை, சந்தை நடந்தால்தான் டவுன் என்பது அன்றைக்கு ஆட்சி செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாடு போய் மோட்டார் வந்தது. வண்டி ஒண்ணு நூறானது. பேட்டைகளோ ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"பஸ்ஸுல வாங்களேன்" என்று கேட்பீர்கள். வருகிறோம். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அதில்தான் போகிறார்கள், அது ரொம்ப நல்ல காரியம். ஆனால் உள்கிராமத்துக்குப் பஸ் ஒரு நாளைக்கு எத்தனை நடை? காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, நடுவில் டிரைவர் லீவு போட்டால் அதுவும் இல்லை. ராத்திரி கடைசி பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ. கீரை கொண்டு போகிறவள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும், முதல் பஸ் ஆறரைக்கு. பிறகு மகனுடைய டூவீலரில் உட்காராமல் என்ன செய்வாள்? அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்துக்குத் தலைமை ஆபீஸே விழுப்புரத்தில்தான். நேரத்துக்கு நாலு பஸ் கூடுதலாக விட்டால் டவுனுக்கு வருகிற டூவீலரில் பாதி வீட்டிலேயே நிற்கும். ஒரு செங்கல்கூட வைக்காமல் கிடைக்கிற பார்க்கிங் இது.

காசு வாங்கினால் ஏழைக்குத்தானே அடி என்று சிலர் இரக்கப்படுவார்கள். இப்போது மட்டும் ஏழை சும்மாவா நிறுத்துகிறான்? ஸ்டாண்டில் காசு, தெருவில் அபராதம், சந்தையில் சுங்கம் என்று மூணு பக்கமும் கொடுத்துக்கொண்டிருக்கிறவன் அவன்தான். நான் கேட்பது காசை ஆளுக்குத் தக்கபடி மாற்றச் சொல்லித்தான்.

ஒண்ணு, கடைத்தெருவில் யாராக இருந்தாலும் முதல் அரை மணி இலவசம். அதற்கு மேல் மணிக் கணக்கு. காருக்கு டூவீலரைப் போல ஆறு மடங்கு. ஏனென்றால் அது அடைப்பது ஆறு மடங்கு இடம்.

ரெண்டு, சந்தைக்கும் உழவர் சந்தைக்கும் பக்கத்தில் காலை எட்டு மணி வரை சரக்கு இறக்குகிற வண்டிக்கு மட்டும் இடம். கோடு போட்டு எழுதி வையுங்கள். ஒரு டப்பா பெயிண்டு போதும்.

மூணு, நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கு ஊர் ஓரத்தில் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம். ரேட்டும் ஏலத் தொகையும் புகார் சொல்ல வேண்டிய நம்பரும் பெரிய போர்டில். தொகை அச்சடித்த சீட்டு. சீட்டு இல்லையென்றால் காசு இல்லை.

நாலு, பிளானில் பார்க்கிங் என்று காட்டிய கீழ்த்தளம் எல்லாம் பார்க்கிங் ஆகட்டும். குடோன் வேண்டுமென்றால் வேறு இடத்தில் வாடகைக்கு எடுக்கட்டும்.

அஞ்சு, தெருவில் வருகிற காசு அந்தத் தெருவுக்கே. முதல் செலவு பெண்களுக்குக் கக்கூஸ். விடியற்காலை நாலு மணிக்கு வந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிற கீரைக்காரி எங்கே போவாள் என்று எந்த அதிகாரியாவது யோசித்திருக்கிறாரா?

இதையெல்லாம் நாங்களே போய்க் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். எங்களுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. எங்கள் ஓட்டு பஞ்சாயத்தில். டவுன் கவுன்சிலரை டவுன்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கார்காரர்களுக்குச் செல்வாக்கு இருக்கிறது. தினமும் வந்து சம்பாதித்த காசைக் கொட்டிவிட்டுப் போகிற கிராமத்துக்காரனுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடையாது. கிராம சபையில் நான் எழுந்து "நேரு வீதியில் வண்டி நிறுத்த இடம் வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொன்னால் சிரிப்பார்கள்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னை, கோயம்புத்தூர், விழுப்புரம், பாண்டி என்று டவுனில் இருக்கிறவர்கள். நகரத்திலும் இப்போது வார்டு கமிட்டி, பகுதி சபை என்று வந்திருக்கிறது. அதில் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது, எங்களுக்கு இல்லை. உங்கள் தெருவில் எத்தனை கீழ்த்தளம் குடோன் ஆகியிருக்கிறது என்று எண்ணுங்கள். கீரைக்காரியைத் துரத்தும்போது அந்த இடத்தில் மறுநாள் எது நிற்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுந்து நின்று கேளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உங்கள் கார் எங்கள் களத்தில்தான் நிற்கிறது. நெல் கொட்ட வேண்டிய களம் அது. நிழலுக்கு வேப்ப மரம் வேறு. இன்றுவரை யாரும் டோக்கன் கேட்டதில்லை, இனிமேலும் கேட்க மாட்டோம். வாங்க, நிறுத்துங்க. நாங்கள் அங்கே வரும்போது அரை மணி நேரம் மட்டும் இடம் விடுங்க, போதும்.